திரைப்பக்கம்: எண்பது அடிச் சிலந்தியும் வராத சிரிப்பும்

விடுமுறைக்கு வந்த மருமகன், "மாமா, நல்ல பகிடிப் படமாம், இருந்து பாருங்கோ" என்று 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்'டைப் போட்டுவிட்டான். 1999இல் வெளிவந்தபோதே நான் கொட்டாவி விட்ட படம். வயது போனபிறகு பிடிக்குமோ என்று இருந்து பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் அவனே தொலைபேசியைத் தடவத் தொடங்கிவிட்டான்.

நடிகர்களைப் பாருங்கள். வில் ஸ்மித், அப்போது ஹொலிவூட்டின் செல்லப்பிள்ளை. 1989இல் 'ஐந்தாம் ஹென்றி'யை இயக்கி நடித்த கென்னத் பிரனா. நகைச்சுவைக்கே ஒஸ்கார் வாங்கிய கெவின் கிளைன். கூடவே சல்மா ஹயெக். இயக்குநர் பரி சொனன்ஃபெல்ட், 1997இல் இதே ஸ்மித்தை வைத்து 'மென் இன் பிளாக்' தந்தவர். செலவு ஏறக்குறைய 17 கோடி டொலர். நண்டும் இறாலும் வாங்கிவந்து கறியைக் கருக்கிய கதைதான்.

கதை நடப்பது 1869இல். ஜனாதிபதி கிராண்டின் இரகசிய முகவர்கள் இருவர், கடத்தப்பட்ட விஞ்ஞானிகளைத் தேடிப் போகிறார்கள். ஒருவன் துப்பாக்கியை நம்புகிறவன், மற்றவன் வேடத்தையும் யந்திரத்தையும் நம்புகிறவன். இந்த முரண்பாடு ஒன்றே போதும் சிரிப்பதற்கு. ஆனால் இருவரும் வாய்த்தர்க்கம் தொடங்கியதும் ஏதாவது வெடிக்கிறது. கடைசியில் எண்பது அடி உயர இரும்புச் சிலந்தி வந்து எல்லோரையும் மிதித்துவிடுகிறது. கிளைன் ஜனாதிபதியாகவும் வருகிறார். அதிலும் மினக்கெட்டு எழுதிய வசனம் கிடையாது. சல்மா ஹயெக் பாவம், அழகுக்கு மட்டும்.

எனக்கு மனம் பொறுக்காத இடம் வேறு. விடுதலையான கறுப்பின மக்கள் குடியிருந்த நியூ லிபர்ட்டி என்ற ஊர் அழிக்கப்படுகிறது. ஸ்மித்தின் பாத்திரமான வெஸ்டின் தாய் தகப்பனும் அதிலே போய்விட்டார்கள். ஊர் அழிந்தவன் எப்படிச் சிரிப்பான்? சிரிப்பான், நாங்களும் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பை ஸ்மித்தால் காட்ட முடியும். படம் அதற்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. மாறாக, வெள்ளையர் கூட்டம் ஒன்று அவனைத் தூக்கிலிடப் பார்ப்பதையே வெறும் பகிடியாக்கிவிட்டது. வில்லன் அவனுடைய நிறத்தைச் சொல்லிக் குத்த, அவன் வில்லனின் ஊனத்தைச் சொல்லிக் குத்துகிறான். மெல் புரூக்ஸ் 1974இல் எடுத்த 'பிளேசிங் சாடில்ஸ்' இதைவிடக் கரடுமுரடானது. ஆனால் அங்கே முட்டாளாவது இனவெறியன். கறுப்பினப் பொலிஸ் தலைவர் அல்ல.

2000இல் 'கோல்டன் ராஸ்பெரி' என்ற படுமோசமான படத்துக்கான கேலி விருது இதற்கே கிடைத்தது. அந்த மேடையில் ஏறி விருதை வாங்கியவர் ரொபர்ட் கொன்ராட். 1965 தொடக்கம் 1969 வரை ஓடிய மூலத் தொலைக்காட்சித் தொடரில் வெஸ்டாக நடித்தவர்! தன் தொடரைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு.

இதைச் சொன்னதும் மருமகன் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். "அந்தப் பழைய தொடர் எங்கையும் எடுக்கலாமோ, மாமா?"