படகின் ஏரியல்: உயரமும் வேண்டும், எர்த்தும் வேண்டும்!

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஏற ஏற ஊரும் ரயில் பாதையும் அதைத் தாண்டிய வயல்களும் தெரிந்துகொண்டே போகும். அடிவாரத்தில் நிற்பவருக்கோ எதிர்வீட்டுச் சுவரோடு பார்வை முடிந்துவிடும். கண் அதேதான்; நிற்கும் இடம்தான் வேறு. மீன்பிடிப் படகின் வயர்லெஸ் செட்டுக்கும் இதே கணக்குதான்.

விசைப்படகுகளில் இருக்கும் வி.ஹெச்.எஃப் செட்டின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், கொஞ்ச தூரத்தில் கடலே குறுக்கே வந்து மறைத்துவிடும். ஏரியலின் உயரம் 4 மீட்டர் என்றால் சுமார் 8 கிலோமீட்டர் வரை எட்டும். எதிர்ப் படகிலும் அதே உயரம் என்றால், இரண்டும் சேர்ந்து 16 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் கோபுரம் இருந்தால் சுமார் 49 கிலோமீட்டர்.

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது, தூத்தூர் வட்டார மீனவர்கள் பலர் இந்த எல்லையைத் தாண்டி ஆழ்கடலில் இருந்தார்கள். கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவ்வளவு தூரத்துக்குச் செயற்கைக்கோள் கருவிதான் கைகொடுக்கும். எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே அனுப்பும் 'ஜெமினி' கருவி 2019-ல் அறிமுகமானது. ஆனால், பக்கத்துப் படகை உதவிக்குக் கூப்பிட இன்றும் வி.ஹெச்.எஃப்-தான்.

பொருத்தும்போது...

படகிலேயே உயரமான இடத்தில், செங்குத்தாக, மற்ற இரும்புக் கம்பிகளை ஒட்டாமல் ஏரியல் நிற்க வேண்டும்.

கேபிளில் சிக்கனம் கூடாது. மெல்லிய கேபிளை 15 மீட்டர் இழுத்தால், 25 வாட் செட்டின் சக்தியில் பாதி வழியிலேயே போய்விடும். தடித்த கேபிளைத் தேவையான நீளத்துக்கு மட்டும் போடலாம்.

இணைப்புகளில் உப்புத் தண்ணீர் புகுந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, தண்ணீர் புகாத டேப்பை இறுகச் சுற்ற வேண்டும்.

ஏரியலை மாட்டாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது. செட் கெட்டுப்போகலாம்.

எர்த் எதற்கு?

படகுக்கென்று விற்கும் வி.ஹெச்.எஃப் ஏரியல்கள் பெரும்பாலும் எர்த் இல்லாமலே வேலை செய்யும். அதனால் எர்த்தே வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் திறந்த கடலில் உயரமாக நிற்பது படகின் கம்பம்தான். மின்னல் தேடுவதும் அதைத்தான்.

இரும்புப் படகில் உடம்பே எர்த். மரம், ஃபைபர் படகுகளில் அப்படி இல்லை. கம்பத்தின் உச்சியில், ஏரியலைவிட உயரமாக ஓர் இடிதாங்கிக் கம்பி வேண்டும். அதிலிருந்து தடித்த செம்புக் கம்பியைக் கூர்மையாக வளைக்காமல் நேராக இறக்கி, படகின் அடியில் கடல்நீரைத் தொட்டிருக்கும் செம்புத் தகட்டில் சேர்க்க வேண்டும். தகடு குறைந்தது ஒரு சதுர அடி. இந்த வழி இல்லாவிட்டால், மின்னல் தானே வழி தேடிப் படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போகக்கூடும். எர்த் இருந்தாலும், இடி மின்னல் நேரத்தில் கம்பத்தையும் மைக்கையும் தொடாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. கரையை விட்டுக் கிளம்பும் முன் பக்கத்துப் படகோடு ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிட வேண்டும். அதற்கு 16-ம் சேனல் வேண்டாம். அது ஆபத்தில் இருப்பவருக்கானது.