ஒரு பக்ரீர் 7 ரூபாயா, 15 ரூபாயா?

"வீட்டுலயே செஞ்சா செலவு கம்மி"ன்னு எல்லாரும் சொல்றோம். அந்தக் கணக்குல ஒரு வரி எப்பவுமே விட்டுப்போகுது. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

உதாரணத்துக்கு மொராக்கோ நாட்டு பக்ரீரை எடுத்துக்குவோம். நம்ம ஆப்பத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும்தான் வேகணும், திருப்பிப் போடக் கூடாது. மேல்பக்கம் முழுக்க தேன்கூடு மாதிரி ஓட்டை. வெண்ணெயையும் தேனையும் உருக்கி மேலே ஊத்திச் சாப்பிடுவாங்க.

பொருள் எல்லாம் நம்ம மளிகைக் கடையிலயே கிடைக்கும். நைஸ் ரவை 250 கிராம், மைதா 60 கிராம், ஈஸ்ட், பேக்கிங் பவுடர், சர்க்கரை தலா ஒரு டீஸ்பூன், கொஞ்சம் உப்பு, வெதுவெதுப்பான தண்ணி 650 மில்லி. மிக்ஸியில ஒரு நிமிஷம் அடிச்சு, நுரைச்சு வர்ற வரைக்கும் அரை மணி நேரம் மூடி வையுங்க. நான்ஸ்டிக் தவாவுல எண்ணெய் விடாம சுடுங்க. சின்னதா 12 வரும்.

இது கொட்டச்சேடு மாதிரி ஊருக்கு நல்லாவே பொருந்தும். ஏற்காடு மலைக் குளிர்ல ஆப்ப மாவு பொங்கி வர நேரம் பிடிக்கும். ஈஸ்ட் போட்டா அந்தக் காத்திருப்பு குறையும். வீட்டையே ஹோம்ஸ்டே ஆக்கினவங்க காலை டிபனுக்குப் புதுசா ஒண்ணு கொடுக்கலாம்.

இப்போ கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், இது தோராயம்தான். ரவை 15 ரூபாய், மைதா 3, ஈஸ்ட் வகையறா 5, கேஸ் 7, வெண்ணெய் 30, தேன் 25. மொத்தம் 85 ரூபாய். ஒண்ணு 7 ரூபாய் ஆகுது. 20 ரூபாய்னு விலை வெச்சா 13 ரூபாய் லாபம். சூப்பர் பிசினஸ், இல்லையா?

இல்லைங்க. மாவு கலக்கி, சுட்டு, பாத்திரம் கழுவ ஒரு மணி நேரம் ஆச்சே? அதுக்கு வெறும் 100 ரூபாய் கூலி போட்டாலும் மொத்தம் 185. ஒண்ணு 15 ரூபாய்க்கு மேல. லாபம் 5 ரூபாய்கூட இல்ல. மீதி 8 ரூபாய், அடுப்படியில நின்னவங்க வாங்காத சம்பளம். "காலை டிபன் இலவசம்"னு போர்டு வெச்சா, அந்த இலவசத்தைக் கொடுக்கிறது பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். மனைவியின் வீட்டு உழைப்பும் குடும்பச் சொத்துக்கான பங்களிப்புதான்னு 2023 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிடுச்சு. நம்ம நோட்டுல மட்டும் அது இன்னும் ஏறல.

"பாசத்துக்குக் கூலியா?"ன்னு கேட்பீங்க. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குச் சுட்டுக் கொடுக்கிறதுக்குக் கணக்கு வேண்டாம். விருந்தாளி காசு கொடுத்துச் சாப்பிட்டா அது தொழில். தொழில்னா கூலி ஒரு செலவு.

ஒரு எச்சரிக்கை. கணவரோட தொழில்ல இருந்து மனைவிக்குச் சம்பளம்னு எழுதினா, அதுக்கேத்த படிப்போ தொழில்நுட்பத் தகுதியோ இல்லாத பட்சத்துல அது கணவரோட வருமானத்துலயே சேர்ந்துடும். அதனால சாப்பாட்டுப் பகுதியை அவங்க பேர்லயே தனித் தொழிலா நடத்துறது நல்லது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு, வங்கிக் கணக்கு, க்யூஆர் கோடு மூணும் அவங்க பேர்ல இருக்கட்டும். நீங்க முதல் போட்டா அன்பளிப்பா கொடுக்காம, வட்டியோட கடனா எழுதி வையுங்க.

அடுத்த தடவை மாவு கரைக்கும்போது ரவை விலைக்குக் கீழேயே கூலின்னு ஒரு வரி எழுதுங்க. விலையை அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.