கணினிக்கு முன் ஆசிரியர்

பாடசாலைக்குப் பத்துக் கணினிகள் வந்து இறங்கிவிட்டால் கணினிக் கல்வியும் வந்துவிட்டதென்று மகிழ்வோர் நம்மிடையே பலர். உழவு இயந்திரம் முற்றத்தில் நின்றமையால் மட்டும் எந்த வயலும் விளைந்ததில்லை. இதனைப் பிறநாடுகளின் அநுபவமும் மெய்ப்பிக்கின்றது.

இங்கிலாந்தை முதலில் நோக்குவோம். அங்கே பல்லாண்டுகளாக மாணவர் கற்றவற்றுள் பெரும்பகுதி கடிதம் தட்டச்சிடுவதும் அட்டவணை நிரப்புவதுமே. 2012 ஜனவரியில் றோயல் சங்கத்தின் அறிக்கை இக்குறையை எடுத்துரைத்தது. அம்மாதமே கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடும் எண்ணத்தை அறிவித்தார். 2014 செப்டெம்பரில், ஐந்து வயதுச் சிறுவர் தொடக்கம் நிரல் எழுதப் பழக்கும் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

நோக்கம் நன்று, கற்பிப்போர் எங்கே? 2017இல் அச்சங்கம் மீண்டும் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட பாடசாலைகளில் பதினாறு வயதுப் பொதுப் பரீட்சைக்குக் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படவில்லை என்பது வெளிப்பட்டது. அப்பாடத்தைப் பயின்றோருள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவரே மாணவி. ஈற்றில், 8000 ஆசிரியரைப் பயிற்றுவிக்க 84 மில்லியன் பவுண் ஒதுக்க நேர்ந்தது.

இஸ்ரேல் வேறு வழி சென்றது. 1990களில் அங்கே உயர்நிலை வகுப்புகளுக்கு வகுக்கப்பட்ட திட்டம், கணினி விஞ்ஞானத்தை முறையாகக் கற்றவரே அதனைக் கற்பிக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. தத்துவமும் செய்முறையும் மாறிமாறிக் கோக்கப்பட்டன. அது விரும்பியோர் மட்டும் தெரியும் பாடமே. எல்லாச் சிறுவரையும் எட்டவில்லை. ஆயினும் அடித்தளம் உறுதியானது.

மூன்றாவது வழி நியூசிலாந்தில் தோன்றியது. பேராசிரியர் ரிம் பெல்லும் அவர்தம் தோழரும் 1990களில் உருவாக்கிய முறைக்குக் கணினியும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. 1, 2, 4, 8, 16 எனப் புள்ளியிட்ட ஐந்து அட்டைகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் சிறுவன் காட்டிவிடுவான். கணினி எண்களைக் குறிக்கும் முறை அதுவே. ஒரு தராசைக் கொண்டு நிறைகளை வரிசைப்படுத்துகையில், எந்த வழியில் குறைந்த தடவை நிறுத்தால் போதும் என்று சிந்திக்கப் பழகுகிறான். கணினி விஞ்ஞானத்தின் உயிர் அச்சிந்தனையிலேயே இருக்கின்றது.

இவை உணர்த்துவது என்ன? கருவியை இயக்கப் பழகுதல் அறிவாகாது. பாடத்திட்டத்தை மாற்றுதல் மட்டும் கல்வியாகாது. எமது நாட்டிலும் இப்பாடம் சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் உண்டு. பட்டினத்துப் பிள்ளைக்கு நல்லாசிரியரும் கிராமத்துப் பிள்ளைக்குப் பூட்டிய அறையும் என்ற நிலை எங்கு இருப்பினும், அதனை ஏற்க நாம் ஆயத்தமாயில்லை. அட்டையும் தராசும் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். அவற்றைக் கொண்டு தாய்மொழியில் விளக்கவல்ல ஆசிரியரே தேவை.

ஆகவே, கணினி அன்பளிப்பு விழாக்களில் கைதட்டுமுன், அதனைக் கற்பிக்கப் பயின்றவர் யார் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிற் பெற்றோர் கேட்கவேண்டும். பொறியியலாளரும் பல்கலைக்கழகத்தாரும் தம் ஓய்வுநாட்களிற் சிலவற்றை ஆசிரியரின் பயிற்சிக்கு ஈதல் கடன். அரசு ஒதுக்கும் முதற் பணம் ஆசிரியருக்கே செல்லட்டும். இயந்திரம் பின்னர் வரலாம். பிள்ளைகளின் பள்ளிப் பருவமோ மீண்டு வராது.