சாடிக்குள் ஒரு குளிர்நாட்டு மரம்



ஆவணி மாதத்தில் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுழற்சிக் கடன் பற்றிய கூட்டம். கணக்குப் புத்தகத்தை விரிக்க முன்னரே, அங்கத்தவரான ஓர் அக்கா சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுவந்த சின்னச் சாடியை மேசையில் வைத்தார். ஒரு முழ உயரம்கூட இல்லாத மரம். வளைந்த தண்டு, செதில் செதிலாய்ப் பச்சை இலை. கொழும்பில் வேலை செய்யும் மகள் முதற் சம்பளத்தில் வாங்கி வந்த ஜுனிப்பர் போன்சாய்.

"தங்கச்சி, இதுக்கு எவ்வளவு வெயில் காட்டலாம்? நல்ல வெயில் வேணும் எண்டு கடையிலை சொன்னவையாம். மதிலிலை வைச்சன். இப்ப நுனியெல்லாம் கருகுது."

அது ஒரு வீட்டுக் கேள்வியாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்க மாட்டேன். சங்கத்தில் சிலர் கடன் பணத்தில் இதே மரத்தில் இருபது வாங்கி வளர்த்து விற்கலாம் என்று ஏற்கனவே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பணம் வாரா வாரம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதில் ஒரு பகுதி, கணவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்காத பெண்கள் கூலி வேலை செய்து போட்டது. ஆகவே பதிலை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் படித்தது சமூகவியல். மரங்களைப் பற்றி விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்துகொண்டேன்.

ஜுனிப்பர் வெயிலுக்குப் பயந்த மரம் அல்ல. கடையில் சொன்னது பொய்யும் இல்லை. நாள்தோறும் நாலைந்து மணிநேரமாவது நேர் வெயில் படாவிட்டால் அது மெலிந்துபோகும். வீட்டுக்குள் வைத்தால் மெதுவாகச் செத்துப்போகும். கஷ்டம் வெயிலால் மட்டும் வருவதில்லை, சாடியாலும் வருகிறது. நிலத்தில் நிற்கும் மரத்தின் வேர் ஆழத்தில் குளிர்ச்சியைத் தேடிப் போய்விடும். போன்சாய் மரத்துக்கு இருப்பது இரண்டு கைப்பிடி மண். வேரைச் சுற்றியுள்ள மண் 38 பாகை செல்சியசைத் தாண்டினால் வேர் பழுதடையத் தொடங்கும். கறுப்புச் சாடியொன்று மத்தியான வெயிலில் நின்றால், வெயில் படும் பக்கத்து மண் 45 பாகையையும் தாண்டலாம். அக்காவின் சாடியும் கறுப்பு. அது நின்றதோ சீமெந்து மதிலில். பொழுதுபட்ட பின்னும் சூடு விடாத மதில்.

சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகின்றது. இடையில் சோளகக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு செம்பு தண்ணீர்தான் மரத்துக்குத் துணை. அந்தத் தண்ணீரும் எங்கள் பக்கத்தில் சவர். தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் சாடியில் தங்கிவிடும். நுனி கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அக்கா அதைக் கண்டுவிட்டுப் பவுசரில் வந்த குடிதண்ணீரை எடுத்துக் காலையும் மாலையும் ஊற்றியிருக்கிறார். குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீர்! ஜுனிப்பருக்கோ எந்நேரமும் ஈரமாக நிற்கும் மண் ஆகாது, வேர் அழுகும்.

இவற்றையெல்லாம் சரிசெய்தால் பிழைக்குமா என்றால், இன்னொரு தடை உண்டு. இந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். வருடத்தில் சில கிழமைகளாவது 10 பாகைக்குக் கீழே போனால்தான் அது உறங்கி எழுந்து புதிதாகத் தளிர்க்கும். எங்கள் தீவுகளில் மார்கழி, தை விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது.

யப்பானில் 1923ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தில் தோட்டங்களை இழந்த தோக்கியோ போன்சாய்க்காரர்கள், மரங்களோடு வடக்கே ஓமியா என்ற இடத்துக்கு இடம்பெயர்ந்து, 1925இல் ஒரு போன்சாய்க் கிராமத்தையே உருவாக்கினார்கள். அவர்கள் இடம் பார்க்கும்போது தேடியது நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும். (இடம்பெயர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல.) அங்கும் கோடையில் 35 பாகையைத் தாண்டுவதுண்டு. நிழல்வலை கட்டிச் சமாளிப்பார்கள். ஆனால் அந்தக் கோடைக்குப் பின்னால் உறைபனி வரும். இலங்கையில் இந்த மரத்துக்கு ஓரளவு ஒத்துவரக்கூடிய இடம் என்றால் 1,800 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள நுவரெலியாப் பக்கந்தான்.

ஜுனிப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. வேர் செத்த பின்னும் பல கிழமைகளுக்கு இலை பச்சையாகவே நிற்கும். உயிர் இருக்கிறதா என்று அறியத் தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. மண்ணிறமாய் வறண்டிருந்தால் இல்லை. கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும் அக்கா சாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வீட்டை போய்ப் பாக்கிறன்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

இருபது மரம் வாங்கும் யோசனைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கோபித்தவர்களும் உண்டு. முன்பு ஒரு திட்டத்தில் மழைக்கு இரண்டு மாதம் முந்திக் கன்றுகள் கொண்டுவந்து இறக்கினார்கள். அவை காய்ந்த பிறகு, பெண்கள் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். அந்தப் பழி இன்னொரு முறை வேண்டாம்.

அப்படியென்றால் எங்களுக்குச் சாடி மரமே இல்லையா? நெடுந்தீவின் பெருக்க மரத்தைப் பாருங்கள். ஆபிரிக்காவின் மரம், அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். தண்டில் தண்ணீரைச் சேர்த்து, வறட்சியில் இலையைக் கொட்டி நிற்கும். அது வந்த ஊரும் வெயில் ஊர். கிட்டப் பார்ப்பதென்றால், 1990, 91இல் ஆட்கள் விட்டுப்போன வீடுகளைப் பாருங்கள். கூரையில்லாத சுவர் வெடிப்பில் ஆலும் அரசும் இத்தியும் மண்ணே இல்லாமல் எத்தனை வருடமாய் நிற்கின்றன! யாரும் சாடியில் வைக்காத போன்சாய்கள் அவை. சின்னக் கன்றை வேரோடு எடுக்கலாம், உரியவர்களைக் கேட்டுவிட்டு. புளியும் நல்லது. அரசை மட்டும் சாடியில் வைக்கக்கூடாது என்று சங்கத்தின் மூத்த ஆச்சி பிடிவாதமாய் நின்றார். சரி, விட்டுவிட்டோம்.

வெயில் தாங்கும் இந்த மரங்களுக்கும் சாடிக்குள் அதே மண்சூடுதான். காலை வெயில் பத்து, பதினொரு மணிவரை படட்டும். பிறகு கிடுகுப் பந்தலின் நிழல். சீமெந்தில் வைக்காமல் மண்ணில் வையுங்கள். மண்சாடி நல்லது. அதைப் பெரிய சாடியொன்றுக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் போட்டு நனைத்துவிட்டால் சூடு இறங்கும். பின்னேரம் இரண்டு மணிக்கு மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். விரல் தாங்காத சூட்டை வேரும் தாங்காது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் விடியவோ பொழுதுபடவோ. மாரி மழையில் சாடியை வெளியில் விட்டால் தங்கிய உப்பு கழுவிப் போகும்.

ஆனால் விற்கக்கூடிய அழகு வர ஐந்தாறு வருடமாவது பிடிக்கும். ஒரு வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய கடனை இதில் போட முடியாது. முற்றத்து மூலையில் இரண்டு மூன்று வைத்துப் பழகலாம். சங்கம் இந்த முறை கடனை வழமைபோலப் பனையோலை வேலைக்கும் கோழிக்குமே கொடுத்தது.

அடுத்த கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் சுரண்டிப் பார்த்திருந்தார். மண்ணிறம். ஒரு கிளையை வளைக்க, முறிந்து கையோடு வந்தது. மேலே இன்னும் பச்சைதான். மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "நிக்குது பிள்ளை" என்றே சொல்லி வந்திருக்கிறார்.

இப்போது அதே சாடியில், கிணற்றுக் கட்டில் முளைத்திருந்த இத்திக் கன்றொன்று நிற்கிறது. சாடிக்குச் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கியிருக்கிறார். இரண்டு புது இலை விட்டிருக்கிறது. மகள் தீபாவளி லீவுக்கு வருகிறாள்.