பிஞ்சுக் கைக்கு எந்த நிறம்?

குறைமாதக் குழந்தைகள் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் பாட்டிமார் சிலரின் மடியில் நூற்பந்தும் பின்னல் ஊசிகளும் இருக்கக் காண்கிறோம். தொப்பி, காலுறை, விரல் பிரியாத குட்டிக் கையுறை எனப் பின்னிக்கொண்டே இருக்கிறார்கள். இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். உள்ளே குழந்தைக்காக ஏதோ நடந்துகொண்டிருக்க, வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது எத்தகைய வேதனை என்பதை அறிவோம். ஆயினும் கையுறையைக் குறித்து மட்டும் எங்களுக்கென ஒரு கருத்து உண்டு.

பூதலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கொண்டுவந்த கையுறைகளில், கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் இளஞ்சிவப்போ வெளிர்நீலமோ இல்லை. மணிக்கட்டில், கல்லணைக் கால்வாயில் புதுத்தண்ணீர் வரும்போது காணும் வண்டல் பழுப்பு. அதன்மேல் நாற்றங்காலின் இளம்பச்சை. பிறகு, நட்ட பயிர் வேர்பிடித்தபின் கருக்கும் பச்சை. நுனியில், கதிர் சாய்ந்த வயலின் பொன்மஞ்சள். மேட்டூர் திறப்பு முதல் அறுவடை வரையிலான ஒரு போகமே நான்கு விரற்கடை நீளத்துக்குள் அடங்கிவிட்டது! நீலகிரித் தோடர் பெண்கள் தங்கள் மலைகளையும் மலர்களையும் வெண்பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலையாக்குவதும் இத்தகையதே. அவ்வேலைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

பச்சிளங்குழந்தையின் கண்ணுக்கு எட்டுவது தோடரின் அழுத்தமான நிறங்களே. பிறந்த சில வாரங்களில் ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவுக்குள், கறுப்பு வெள்ளை போன்ற கடும் வேறுபாடுகளைத்தான் அது காணும். இளம்பச்சைக்கும் கரும்பச்சைக்கும் உள்ள நுட்பம் அதற்குப் புலப்படாது. எனவே வயலின் நிறங்கள் அதன் தாய்க்கே உரியவை. வாரக்கணக்கில் வெண்சுவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது சிறிய செய்தியன்று.

ஆனால், அந்தக் கை மூடியே இருக்கலாகாது. பசிக்கும் குழந்தை அழுவதற்கு முன்பே கையை வாய்க்குக் கொண்டுசெல்லும். பால் தர வேண்டிய நேரம் அதுவே. மார்பைத் தடவித் தேடுவதும் அந்த விரல்கள்தாம். எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைத்திருக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அவ்வணைப்பில் வெறுங்கைதான் வேண்டும். தலைக்குத் தொப்பி கட்டாயம், காலுறையும் நன்று. முதல் ஓரிரு நாள் கை கால்கள் சற்றே நீலம் பாய்ந்திருப்பது பெரும்பாலும் இயல்பு. குளிர்கிறதா என்பதை வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால், அல்லது உதடோ நாக்கோ நீலமாகத் தெரிந்தால், உடனே செவிலியரை அழையுங்கள்.

முகத்தைக் கீறிக்கொள்ளும் என்பதற்காகவே பலரும் கையுறை அணிவிக்கிறார்கள். பச்சிளங்குழந்தைக்கு நகம் வெட்டத் தயங்கும் வீடுகள் நம் பகுதியில் பல உண்டு. அதைக் குறைசொல்ல வரவில்லை. தூங்கும்போது மென்மையான அரத்தால் தேய்த்துவிட்டாலே போதும்.

எங்களை உண்மையில் அஞ்சவைப்பது கையுறையின் உட்புறம். அங்கே தளர்ந்து தொங்கும் ஒற்றை இழை விரலைச் சுற்றிக்கொண்டால், விரல் வீங்கும். வீங்கவீங்க இழை இறுகும். இரத்த ஓட்டம் நிற்கும். கையுறை மூடியிருப்பதால் எவர் கண்ணுக்கும் படாது. குழந்தையோ காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருக்கும். காலம் தாழ்ந்தால் விரல் நுனியையே இழக்க நேரிடும்.

ஆகவே பின்னுங்கள், கம்பளியைவிட மென்பருத்தி நூல் நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது. நூல் முனைகளை வெளிப்புறத்தில் முடிந்து மறையுங்கள். மணிக்கட்டில் இழுகயிறு வேண்டா. இருமுறை அலசி, நீரில் சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மார்கழிப் பனியில் வெளியே எடுத்துச் செல்லும் சிறு பொழுதுக்கு மட்டும், உட்புறத்தை வெளியே திருப்பி ஒவ்வோர் இழையையும் பார்த்தபின், அணிவியுங்கள். தூங்கவைக்குமுன் கழற்றி, பத்து விரல்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரு விரலேனும் வீங்கிச் சிவந்தோ கருத்தோ இருந்தால், எண்ணெய் தடவிக் காத்திராமல், இரவானாலும் எங்களிடம் கொண்டுவாருங்கள்.