பைக்கில் ஒரு வானொலி நிலையம்

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது போன்ற வேளைகளில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிடக்கூடும் என்பதால், மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்றோர் ஆதாய நோக்கமின்றி நடத்தும் இருவழித் தொடர்பான ஹாம் ரேடியோ, இக்கடற்கரையில் வெறும் பொழுதுபோக்கு அன்று. மரம் சாய்ந்த சாலையில் கார் நின்றுவிட, சந்து கண்ட இடத்தில் நுழைந்துவிடும் பைக்கே அதற்கு ஏற்ற ஊர்தி. ஆயினும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பலரும் நாடும் அரை மீட்டர்க் கம்பி, அதாவது கால் அலை ஆன்டெனா, தனக்கடியில் அகன்ற உலோகப் பரப்பை வேண்டுவது. காரின் கூரை தரும் அப்பரப்பு பைக்கில் இல்லாமையால், அதை எதிர்பார்க்காத, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள அரை அலை ஆன்டெனாவைப் பின் கேரியரில் நிறுத்துவதே மேல். 50 வாட் கருவி பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுப்பதால், ஹெட்லைட் வயரில் ஒட்டுப்போடாமல் பேட்டரியிலிருந்தே ஃபியூஸுடன் தனி வயர் இழுக்க வேண்டும். உப்புக் காற்றில் கனெக்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். விலையுயர்ந்த கருவி வாங்குவோர் கனெக்டரின்மேல் ரப்பர் டேப் சுற்ற மறப்பது வேடிக்கைதான். ஓட்டிக்கொண்டே பேசும் ஆசையையும் விட்டுவிடலாம். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே திருக்கழுக்குன்றத்து மலை குறுக்கிடுவதால், வண்டியை மேட்டில் நிறுத்திப் பேசுவதே பயன் தரும்.