மேலே கவசம், கீழே கைலி

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அக்கரை பக்கம் ஓரமாக நின்று பார்த்தால் நல்ல வேடிக்கை காத்திருக்கிறது. தலையில் விலை உயர்ந்த ஹெல்மெட். உடம்பில் தோள், முழங்கை, முதுகு என்று எல்லா இடத்திலும் பேட் வைத்த ஜாக்கெட். கையில் கிளவுஸ். இடுப்புக்குக் கீழே? ஆடித் தள்ளுபடியில் வாங்கிய டிராக் பேண்ட். சிலருக்கு அதுவும் இல்லை, பெர்முடாதான். மேலே மோட்டோ ஜிபி, கீழே மெரினா பீச்! ஊர்ப் பக்கம் போனால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு 150 சிசி வண்டியில் பறப்பவர்களையும் பார்க்கலாம். அவர்களாவது கவசம் போட்டதாகப் பாவனை செய்வதில்லை.

காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "இந்த வெயில்ல ரைடிங் பேண்ட்டை எப்படிப்பா போடறது?"

இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி கொளுத்தியது. வேலூர், திருத்தணி பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது வருடா வருடம் நடக்கிற கதை. குளிர் நாடுகளுக்காகத் தைத்த, உள்ளே மூன்று அடுக்கு லைனிங் வைத்த பேண்ட்டை இங்கே மாட்டிக்கொண்டு போனால் கிண்டி தாண்டுவதற்குள் வெந்துபோக வேண்டியதுதான். ஆக, கேள்வி நியாயமானது. அதற்கு "அப்படியானால் பேண்ட்டே வேண்டாம்" என்று பதில் சொல்லிக்கொள்வதுதான் கோளாறு.

முதலில் காலுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 2001 முதல் 2008 வரை மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிர் பிழைத்து அவசர சிகிச்சைக்கு வந்தவர்களின் கணக்கை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்தது. அடிபட்ட இடங்களில் முதலிடம் காலுக்கும் பாதத்துக்கும்தான், 30 சதவீதம். தலையும் கழுத்தும் சேர்ந்து 22 சதவீதம். தலையில் படும் அடி உயிரை எடுக்கும் என்பதால் ஹெல்மெட் முதலில் வருவது சரிதான், அதில் சண்டை இல்லை. ஆனால் அடுத்த காசு ஜாக்கெட்டுக்குத்தான் என்று எப்படி முடிவானது?

இதைவிட முக்கியமான கணக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கான்பரா பகுதியில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள்காரர்களை லிஸ் டி ரோம் என்ற ஆய்வாளரின் குழு விசாரித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டது. ரைடிங் ஜாக்கெட் போட்டிருந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ரைடிங் பேண்ட் போட்டிருந்தவர்களுக்கு? ஏறக்குறைய பாதி! ஜாக்கெட்டை விடப் பேண்ட்தான் அதிகம் காப்பாற்றியிருக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. போட்டிருந்த ரைடிங் பேண்டுகளில் 28 சதவீதம் விபத்தில் கிழிந்து கைவிட்டுவிட்டன. அதாவது பேண்ட் போட்டால் மட்டும் போதாது, எந்தப் பேண்ட் என்று பார்த்துப் போட வேண்டும்.

"நாங்க என்ன ரேஸா ஓட்டறோம், சிட்டிக்குள்ள அம்பதுதானே" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு பழைய கணக்கு. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழு 1981-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. அதில் பாதி விபத்துகள் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்துக்கும் குறைவாக மோதியவை. 50-ல் விழுந்தால் என்ன ஆகும் என்று பிளஸ் ஒன் பிசிக்ஸை வைத்தே பார்த்துவிடலாம். உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால் உடம்பு தார் ரோட்டில் தேய்ந்து நிற்க 2 வினாடி, 14 மீட்டர். ஐரோப்பியச் சோதனைக் கூடங்களில் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் உராய்வுப் பட்டையில் துணியை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். அதில் சாதாரண ஜீன்ஸ் ஒரு வினாடி தாங்கினாலே பெரிய விஷயம். மீதி நேரத்துக்குத் தேய்வது தோல். அப்புறம் டிரெஸ்ஸிங், தொடையிலிருந்து தோல் எடுத்து முட்டியில் ஒட்டும் ஆபரேஷன், செமஸ்டர் போச்சு, அம்மா அழுகை... இத்தனைக்கும் எலும்பு ஒன்றும் உடையவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

சரி, வெயிலுக்கு எதை வாங்குவது?

கடையில் இரண்டு ரகம் எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று மெஷ் பேண்ட், அதாவது காற்றுப் போகும் வலைத்துணி வைத்துத் தைத்தது. இன்னொன்று ரைடிங் ஜீன்ஸ், உள்ளே கெவ்லார் போன்ற அராமிட் இழை சேர்த்தது. ஜீன்ஸ் பார்க்க அழகாக இருக்கும், கிளாஸுக்கு அப்படியே போகலாம், ஹாஸ்டல் வார்டன்கூட ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை லைனிங் கொடுத்த ஜீன்ஸ் மே மாதத்தில் சித்திரவதை. இடுப்பிலும் முட்டியிலும் மட்டும் துண்டு லைனிங் வைத்ததோ, சூடு குறைவு என்றாலும் மற்ற இடங்களில் வெறும் ஜீன்ஸ்தான். அராமிட் இழையைத் துணியிலேயே கலந்து நெய்த ஒற்றை அடுக்கு ஜீன்ஸ் இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி. விலைதான் மயக்கம் வரவைக்கும். கோடை மட்டும் என்று கேட்டால் மெஷ்தான் சரி.

மெஷ் என்றதும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் எதையும் எடுத்துவிடக் கூடாது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதில்தான் சூட்சுமமே. தொடையின் முன்பக்கம் வலை இருக்கலாம், கால் பின்சதையில் இருக்கலாம். முட்டி, இடுப்பின் பக்கவாட்டு, உட்காரும் இடம் மூன்றிலும் கெட்டியான நெருக்க நெசவுத் துணிதான் இருக்க வேண்டும். விழும்போது முதலில் தரையைத் தொடுவது அவைதான். தையலையும் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல துணியானாலும் ஒற்றைத் தையல் பிரிந்தால் பேண்ட் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துகொண்டு போய்விடும். கீழ்க்காலின் உள்பக்கம் சைலன்சருக்குப் பக்கத்தில் வரும் துணியையும் கவனிக்க வேண்டும். பாலியெஸ்டரும் நைலானும் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகுபவை, இன்ஜினிலிருந்து கிளம்பும் வளைகுழாய் அதையும் தாண்டிச் சூடாகும். அந்த இடத்தில் தோலோ அராமிடோ வைத்துத் தைத்திருந்தால் நல்லது. (தமிழ்நாட்டில் பைக் உள்ள வீட்டில் ஒரு காலிலாவது சைலன்சர் தழும்பு இருக்கும். அரைக்கால் டவுசரின் உபயம் அது.)

மெஷ் போட்டால் எந்த ஊரிலும் ஜில்லென்று இருக்கும் என்பது பாதி உண்மை. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால் அடிக்கிற காற்று உடம்பைச் சூடாக்கவே செய்யும். அப்புறம் குளிர்ச்சி தருவது வேர்வை ஆவியாவது ஒன்றுதான். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரப்பதம் அதிகம், வேர்வை சுலபமாகக் காயாது, அதனால் எவ்வளவு காற்றுப் புகுந்தாலும் லாபம். வேலூரிலோ திருச்சியிலோ வறண்ட 41 டிகிரியில் கதை வேறு. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உடம்புத் தண்ணீர் வற்றுவது தெரியாது. அங்கே முழுவலைப் பேண்ட்டை விட, ஜிப் வைத்துத் திறந்து மூடும் காற்றுவழி உள்ள பேண்ட்டும் உள்ளே லேசாக நனைத்த மெல்லிய டைட்ஸும் நெடுந்தூரத்துக்கு மேல். பெர்முடா போட்டால் குளுமை என்பது அந்த வெயிலில் சுத்தப் பொய். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு போவது ஃபேஷனுக்காகவா?

மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது என்ன செய்வது என்று கேட்டால், எந்தப் பேண்ட்டிலும் வேகத்தான் செய்யும். காற்று ஓடினால்தான் மெஷ். அதிலும் உள்ளே ஜீன்ஸ் போட்டு அதன் மேல் மெஷ் பேண்ட்டை மாட்டிக்கொண்டு "ஒரே சூடு சார்" என்று புலம்புபவர்களுக்குப் பதில் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்து லேபிள். "சிஇ சர்டிஃபைடு சார்" என்று கடைக்காரர் சொன்னால், பேண்ட்டுக்கா பேடுக்கா என்று திருப்பிக் கேட்க வேண்டும். பல பேண்டுகளில் உள்ளே இருக்கும் முட்டி பேடுக்கு மட்டும்தான் அந்த முத்திரை. துணிக்கும் தையலுக்கும் சேர்த்துச் சோதித்திருந்தால் உள்ளே தைத்த லேபிளில் ஈஎன் 17092 என்ற எண் இருக்கும். 2020-ல் வந்த ஐரோப்பியத் தரம் இது. ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகள் உண்டு. முட்டி, இடுப்பு போன்ற ஆபத்தான இடங்களின் துணியை ஏஏஏ-வுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர், ஏஏ-வுக்கு 70, ஏ-வுக்கு 45 என்ற வேகத்துக்கு ஈடாக உராய்த்துப் பார்ப்பார்கள். இதில் ஏஏஏ என்பது பெரும்பாலும் தோலாலானது அல்லது கனமானது. நம் ஊர் மே மாதத்தில் அது பீரோவில்தான் தொங்கும். பீரோவில் தொங்கும் ஏஏஏ-வை விட இடுப்பில் இருக்கும் ஏஏ நூறு மடங்கு மேல். காலேஜ், ஆபீஸ், எப்போதாவது பாண்டிச்சேரி என்று ஓட்டுபவருக்கு ஏஏ மெஷ் தாராளம். பட்ஜெட் இடித்தால் ஏ. ஆனால் ஏ வகுப்பில் இடுப்பு பேட் கட்டாயமில்லை என்பதால் அதைத் தனியாக வாங்கிச் செருக வேண்டிவரும், அதற்குப் பாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

பேடுக்குத் தனித் தரம், ஈஎன் 1621-1. 50 ஜூல் அடியைப் போட்டு, மறுபக்கம் எவ்வளவு விசை வருகிறது என்று அளப்பார்கள். சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்குள் வந்தால் லெவல் 1, 20-க்குள் வந்தால் லெவல் 2. நம்மவர்கள் கவனிக்காத இன்னொரு குறி அதில் உண்டு. டி பிளஸ் என்று போட்டிருந்தால் 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறிய பேட் என்று அர்த்தம். சூட்டில் சில பேடுகள் இளகிவிடும். இந்தக் குறி கட்டாயமில்லாத கூடுதல் சோதனைக்கானது, ஆனால் நம் ஊருக்கு அதைவிட அவசியமான குறி எது?

இவ்வளவும் சரியாக இருந்து அளவு தவறினால் எல்லாம் வீண். கடைக் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, வெளியே நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிற்கும்போது முட்டியில் இருக்கும் பேட் உட்கார்ந்ததும் மேலேயோ பக்கவாட்டிலோ நகரக் கூடாது. கையால் பிடித்துத் திருப்பினால் சுற்றிக்கொண்டு போனால் அது விழும்போதும் சுற்றும். இதில் லூஸாக இருந்தால் காற்றோட்டம் என்ற நம் வழக்கமான நினைப்பு உதவாது.

காசு விஷயம். ரைனாக்ஸ், வியாடெரா போன்ற இந்தியத் தயாரிப்புகளே ஏறக்குறைய ஐந்தாயிரத்தில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டும். பாக்கெட் மணியில் வாழும் பையனுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் அதே பையன் வண்டி வாங்கிய வாரமே சத்தம் போடும் சைலன்சருக்கும் எல்இடி விளக்குக்கும் செலவு செய்கிறான். அதைக் கண்டுகொள்ளாமல் "ரைடிங் கியர் பணக்காரன் சமாச்சாரம்" என்பது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். நிஜமாகவே முடியாதவர்களுக்கு, தரமுத்திரை உள்ள முட்டிக் கார்டை வாங்கி வழக்கமான பேண்ட்டின் மேல் பட்டையால் கட்டிக்கொள்வது ஒரு வழி. தோல் தேய்வதை அது தடுக்காது, முட்டிச் சில்லைக் காப்பாற்றலாம். ஹெல்மெட்டுக்கு அடுத்தபடி ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜாக்கெட்டா பேண்ட்டா? கான்பரா கணக்கைப் பார்த்தால் பேண்ட்.

தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கெடுபிடி வந்தது, அபராதத்துக்குப் பயந்து பாதிப் பேராவது மாட்டினார்கள். பேண்ட்டுக்கு எந்தப் போலீஸும் மறிக்கப் போவதில்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-ல் மோட்டோகேப் என்று ஒரு திட்டம் தொடங்கின. சந்தையில் இருக்கும் பேண்ட், ஜாக்கெட்டுகளை அவர்களே வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம், வெயிலில் எவ்வளவு வசதி என்பதற்குத் தனி நட்சத்திரம் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு கோடி இருசக்கர வாகனம் ஓடும் மாநிலத்துக்கு இப்படி ஒன்றைச் செய்ய நம் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களால் முடியாதா என்ன? ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைபவர்கள் கவனிக்கவும் :-)

பெண்களுக்குத் தைத்த பேண்ட் கிடைப்பது இன்னும் கஷ்டம். ஆண்கள் அளவில் சின்னதை எடுத்தால் இடுப்பு பேட் எங்கேயோ நிற்கும், முட்டி பேட் கீழ்க்காலுக்கு இறங்கிவிடும். பக்கவாட்டில் முழு நீள ஜிப் வைத்து, சுடிதார் பேண்ட்டின் மேலேயே மாட்டிக் கழற்றும் ஓவர்பேண்ட் ரகம் இவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். காலேஜ் ஸ்டாண்டில் கழற்றி ஹெல்மெட்டோடு சேர்த்து வண்டியில் பூட்டி வைத்துவிடலாம். மழைக்காக உள்லைனிங் வைத்த பேண்ட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஐப்பசிக்கு ஒரு சாதா ரெயின் பேண்ட் போதும். வாராவாரம் பேடைக் கழற்றிவிட்டுத் துவைக்கவும். அராமிட் கலந்த ஜீன்ஸாக இருந்தால் பிளீச் கூடாது, மொட்டை மாடிக் கொடியில் உச்சி வெயிலில் காயப்போடவும் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்த இழையின் பலத்தைத் தின்றுவிடும். உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில்.